இருபத்துநான்கு நாள் வந்தவள்

முதல் நாளே, புது ஆசிரியர்களான உங்கள் கையில் ஒரு வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நானும் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பதினொரு வருடம் இந்த வேலையில் இருந்தேன். பதிவேட்டில் ஒரு மைக்கறை இருக்காது, ஒரு கட்டம் காலியாக இருக்காது. அந்தப் பெருமையில்தான் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்தேன். பாடத்திட்டம், படிவம், அறிக்கை எழுதும் முறையெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அதைச் சொல்ல என்னைப் போல ஓய்வுபெற்ற கிழவி தேவையில்லை. நான் விழுந்த கிணற்றை மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வகுப்பைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. நீங்கள் இப்போது குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்களுக்கு பாடாங் செராயில் ஒரு கடைவீட்டின் மாடி கிடைத்தது. முன்பு அது சிகையலங்காரக் கடை. சுவர் முழுக்கப் பதித்த கண்ணாடியைக் கழற்ற முடியாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இடைநிலைப் பள்ளிகளில் பொந்தேங் அடித்து, அதாவது சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டு, மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். முப்பது பள்ளி நாள் எங்களிடம் உட்கார வேண்டும். ஒரு நாள்கூடத் தவறாமல் முடித்தால் பழைய வகுப்பு அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பெயர் பள்ளியிலிருந்து வெட்டப்படும். பதினைந்து வயதில் பெயர் வெட்டப்பட்ட பெண்பிள்ளை அதன்பிறகு எங்கே போவாள் என்று நமக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டாவது பெயர் தர்ஷினி. பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை, மூன்றாம் படிவம். இரண்டரை மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. கோப்பில் இருந்த குறிப்பு: 'வாயாடி. அடிதடி. ஆசிரியரை எதிர்த்துப் பேசுவாள்.' கூடவே ஒரு சின்னப் புகைப்படம், முதலாம் படிவத்தில் எடுத்தது. இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

சரி, ஒரு ரவுடி வரப்போகிறாள் என்று நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். வந்தவளோ வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். கோயிலுக்குள் வருகிறவர்கள்கூட இவ்வளவு பணிவாக வரமாட்டார்கள்.

"தர்ஷினி," என்று பெயரைக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை. அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். வேறு யாரோ வந்து பதில் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். பிறகுதான், "இருக்கேன் டீச்சர்."

தினமும் இதுதான். கூப்பிடுவேன், அவள் கதவைப் பார்ப்பாள், யாரும் வரமாட்டார்கள், அதன்பிறகு பதில் சொல்வாள். நான் பலகையில் எழுதும்போது பக்கத்துக் கண்ணாடியில் வகுப்பு முழுவதும் தெரியும். ஏழு பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னென்ன சேட்டை உண்டோ அத்தனையும் செய்துகொண்டிருப்பார்கள். இவள் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, பலகையில் நான் எழுதுவதை உதட்டால் படித்துக்கொண்டிருப்பாள். நோட்டுப் புத்தகத்தில் தன் பெயரை எழுதுவதற்கு மட்டும் அவளுக்கு நேரமெடுக்கும். கோலம் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதுவாள். ஒரு தடவை அந்தப் பெயருக்கு அடியில் வேறு ஏதோ எழுதி அழித்திருந்த தடம் தெரிந்தது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை.

முதல் வாரம் முடிவதற்குள் ஷாலு என்கிற பிள்ளை என்னிடம் வந்தாள். தர்ஷினி படித்த பள்ளியிலேயே வேறு வகுப்பு.

"டீச்சர், அந்தப் புள்ள பக்கத்துல நான் உக்கார மாட்டேன்."

"ஏன், கடிக்குதா?"

"வெளையாடாதீங்க லா டீச்சர். அது குட்டையில வுழுந்த புள்ள. தோட்டத்துக் குட்டையில வுழுந்து, செத்துப்போச்சுன்னு நெனச்சுத் தூக்குனாங்களாம், முழிச்சிக்கிச்சு. அப்பறம் ஆளே மாறிப்போச்சு. கேண்டீன்ல என் கன்னத்துல பளார்னு ஒண்ணு வுட்டவ டீச்சர் அவ! இப்ப என் மூஞ்சப் பாத்து, 'ஒன் பேரு என்னா'ன்னு கேக்குறா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். காய்ச்சல் வந்தால் முனி, கருக்கலைந்தால் காட்டேரி, பரீட்சையில் தோற்றால் பக்கத்து வீட்டுக்காரியின் கண் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். வகுப்பில் பேய்ப்பேச்சு எடுத்தால் நிற்க வைத்துவிடுவேன். ஷாலுவையும் நிற்க வைத்தேன். "தண்ணியில முழுகி எழுந்த புள்ளைக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாறும். அதுக்குப் பேரு அதிர்ச்சி. பேயும் இல்ல, பிசாசும் இல்ல," என்று ஒரு பிரசங்கமே செய்தேன். தர்ஷினி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஷாலு சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். பிள்ளைகள் அந்த மேசையைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டே நடந்தார்கள்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, அவளது கணக்கைத் திருத்தும்போது முகத்தை மிக அருகில் பார்த்தேன். இடது புருவம் மழமழவென்று முழுதாக இருந்தது.

கோப்பை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. திரும்பவும் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பகல் பத்து மணி. கீழே கோப்பிக் கடையில் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்கிறது. அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் புருவத்தில் மை தீட்டி எதையும் மறைத்துவிடுகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கோப்பை மூடிவிட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். நன்றாக வந்துகொண்டிருந்தாள், அதனால்தான். ஒரு நாள் தவறவில்லை. மற்றவர்களுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியதை அவளுக்கு அரைத் தடவை சொன்னால் போதும். இடைக்கால அறிக்கையில், 'முழுமையான மாற்றம்' என்று நானே கைப்பட எழுதி அனுப்பினேன். மேலிடத்து அதிகாரி அதைப் படித்துவிட்டு, ஆறாவது வாரம் நேரில் வந்து அந்தப் பிள்ளையைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பத்துப் பேரில் நான்கு பேர் திரும்பிப் போனாலே நாங்கள் பாயசம் வைப்போம். அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒருத்தி கிடைத்தால், தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

இருபத்துநான்காம் நாள், புதன்கிழமை. இறுதி அறிக்கைக்குத் தாயின் கையெழுத்து வேண்டும். அந்த அம்மா ஒருநாள்கூட வந்ததில்லை, போனையும் எடுப்பதில்லை. சரி, நாமே போய் வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. தர்ஷினி மாடிப்படி இறங்கி வேனில் ஏறுவதைப் பார்த்தேன். சன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். வேன் நான்கு தோட்டம் சுற்றிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் பாடாங் மேஹாவுக்கு வரும். நான் என் காடியை, அதாவது காரை, ஓட்டிக்கொண்டு நேர்வழியில் போனேன். வழியில் எந்த வாகனமும் என்னை முந்தவில்லை. இதை நான் பிறகு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்குள் நுழைந்தால் மண் பாதை, இரண்டு பக்கமும் செம்பனை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பாதையிலோ இருட்டு. குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் தொழிலாளர் லயத்துக்குப் போக வேண்டும். பச்சைப் பாசி மூடிய தண்ணீர், அதன்மேல் ஓர் அசைவு இல்லை. லயத்தில் மொத்தம் பத்து வீடு, ஆள் இருப்பது இரண்டில். கடைசி வீட்டின் முன்னால் காடியை நிறுத்தி, "அம்மா, அம்மா," என்று குரல் கொடுத்தேன். யாரும் வரவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன்.

உள்ளே தர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வீட்டு உடுப்பில். நான் இப்போதுதான் வேன் ஏற்றிவிட்டு வந்த பிள்ளை. அதே நெற்றி, அதே மூக்கு. இடது புருவத்தில் தழும்பு.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்துநான்கு நாளாக என் முன்னால் உட்கார்ந்த முகம், யாரோ எவரோ என்பதுபோல என்னைப் பார்த்தது. "தர்ஷினி," என்றேன். பதில் இல்லை. "தர்ஷினி, டீச்சர்மா." அவள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தாள்.

பகுத்தறிவு பேசிய வாய் என்னுடையது. அந்த நிமிடம் அந்த வாயில், "முருகா," என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பின்னால் நடந்தே வாசலுக்கு வந்துவிட்டேன். கொல்லைப்புறத்திலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த அம்மா என்னையும் என் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. பள்ளிச் சீருடையில், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னொரு தர்ஷினி பாதையில் நடந்து வந்தாள். என் காடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இவ வேணி, டீச்சர்," என்றார் அம்மா. "என் தங்கச்சி மக."

அந்தத் தங்கை லயத்திலேயே பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பிறப்புப் பத்திரம் எடுக்காமலே போய்விட்டவள். போனவள் திரும்பவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மனமிரங்கி, வேணியை ஆறாம் ஆண்டு வரைக்கும் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார். இடைநிலைப் பள்ளியில் பத்திரம் கேட்டார்கள். இல்லை. அதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம். பெரியம்மா வீட்டில் தர்ஷினியின் பழைய பாடப் புத்தகங்களைத் தனியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தர்ஷினிக்குக் குட்டையில் நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். "தண்ணிக்குள்ள யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க டீச்சர். நெசமா. நான் 'இருக்கேன்'னு சொல்ல வாயத் தொறந்தேன். தண்ணி உள்ள போயிருச்சு." அதன்பிறகு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் பதில் சொல்வதில்லை. குட்டையைத் தாண்டிப் போவதுமில்லை. பள்ளிக்கூடம் போனால் காலையில் முதல் வேலையே பெயர் கூப்பிடுவதுதானே!

மூன்றாவது கடிதம் வந்தபோது அம்மா எடுத்த முடிவுதான் இது. "பேரு இருக்கற புள்ளைக்கு வெளிய போக காலு வரல டீச்சர். காலு இருக்கற புள்ளைக்குப் பேரு இல்ல. நான் என்னா பண்ணட்டும், சொல்லுங்க? பொறப்பு சூராட் இல்லாத புள்ள கொஞ்ச நாளைக்காச்சும் பள்ளிக்கூடம் பாக்கட்டுமே, அக்காக்காரி பேரும் பொழைக்கட்டுமேன்னு அனுப்புனேன்."

வேணி காலணியைக் கழற்றித் துணியால் துடைத்து, பையின் மேல் வைத்து, இரண்டையும் தர்ஷினியின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், அந்தப் பின்னக் கணக்கு பாதியில நிக்குது. நாளைக்கு மட்டும் வந்து முடிச்சிட்டு நின்னுக்கட்டா?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அப்போது என் மூளை ஓடியது வேறு பக்கம்: மிச்சம் ஆறு நாள், பதிவேட்டில் இருக்கும் பெயர் தர்ஷினி, அடுத்த வாரம் அதிகாரி, அதற்கடுத்து, எங்கள் பக்கம் பள்ளி வாரம் தொடங்கும் ஞாயிறு, மூன்றாம் படிவத்தில் அந்தப் பெயருக்கு ஓர் ஆள் போய் உட்கார வேண்டும். உண்மையைச் சொன்னால் தர்ஷினியின் பெயர் அன்றே வெட்டப்படும், தாய்மீது புகார் எழும், என் தலையும் உருளும். "நீ வர வேணாம் வேணி," என்றேன். சொல்லிவிட்டேன். நெருக்கடியில் எடுத்த முடிவு என்று நீங்கள் என்னைப் பாராட்டக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த வீட்டில் எனக்கு இரண்டு மாணவிகள் இருந்தார்கள். நான் ஒருத்தியை மட்டும் எண்ணினேன்.

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். குட்டை வரைக்கும் தர்ஷினியை நடத்திக்கொண்டு போவதும், அவள் கால் மடங்கி உட்காருவதும், திரும்புவதுமாக இருந்தோம். மறுநாள் காலை காடியைக் கொண்டுபோனேன். வேணி கூட வந்தால்தான் ஏறுவேன் என்றாள் தர்ஷினி. பின் இருக்கையில் வேணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் குட்டையைக் கடந்தாள். பாடாங் செராய் வந்ததும் தர்ஷினியை மேலே அழைத்துப் போனேன். வேணி கீழே, கோப்பிக் கடைக்குப் பக்கத்தில், கடை முன் நடைபாதையான ஐந்தடியில், ஒரு பழைய பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஒரு மணி வரை. அன்று மட்டுமல்ல, ஆறு நாளும். நாங்கள் மேலே சத்தமாகப் பெருக்கல் வாய்பாடு சொன்னபோது கீழே அவளும் சொன்னதாகக் கோப்பிக் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். மேலே ஒரு நாற்காலி கூடுதலாகப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதிகாரி வந்து, இது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் எனக்கு.

இருபத்தைந்தாம் நாள் பெயர் கூப்பிட்டேன். "தர்ஷினி." அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மறுபடியும், "தர்ஷினி." வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். ஏழு பிள்ளைகளும் அவளையே பார்க்கிறார்கள். அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பிவிட்டது. எனக்கு அப்போதுதான் அந்த அம்மா முந்தின நாள் சாயங்காலம் சொன்னது நினைவுக்கு வந்தது: "எங்க லயத்துல ஆள் தெரியாத குரல் கூப்பிட்டா மூணாந்தடவைக்குத்தான் பதில் சொல்லணும், டீச்சர். மனுசந்தான் மூணு தரம் கூப்பிடுவான். மத்தது ஒருதரத்தோட நிறுத்திக்கும்." என் ஆத்தாவும் இதையே சொல்லித்தான் வளர்த்தார். அதற்காகவே அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அன்று சண்டை போட நேரமில்லை. அதட்டினால் அவள் எழுந்து ஓடிவிடுவாள். ஓடினால் எல்லாம் முடிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன் டீச்சர்."

குரல் கரகரவென்று வந்தது. ஷாலு விருட்டென எழுந்து போய் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏய், மரம் மாதிரி நிக்காத, அங்குட்டுப் போ," என்று தர்ஷினி சீறினாள். ஷாலுவின் முகம் மலர்ந்துவிட்டது. "சரியாயிருச்சு டீச்சர்! பழைய ஆளு வந்துருச்சு! நேத்து அம்மன் கோயில்ல வேண்டிக்கிட்டேன்," என்று கையிலிருந்த திருநீற்றை அவள் நெற்றியில் பூசினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். குட்டையிலிருந்து தொற்றிக்கொண்டது போய்விட்டது, பழைய தர்ஷினி திரும்பிவிட்டாள் என்று பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்கள். பேய் இல்லை என்று அவர்களை நிற்க வைத்துப் பேசியவள், அன்று கைகட்டி நின்றேன். அந்தப் பேய் எனக்கு உதவியாக இருந்தது. அதிகாரி வந்தார், தர்ஷினியைப் பார்த்தார், திருப்தியாகப் போனார்.

அவள் பள்ளி திரும்புமுன் அந்த வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, "இந்தப் பிள்ளையை மட்டும் மூன்று தடவை கூப்பிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்," என்று கெஞ்சினேன். சிரித்தார், ஆனால் கூப்பிட்டார். சில வாரத்தில் அவள் இரண்டாவது தடவைக்கே பதில் சொன்னாள். வருடக் கடைசியில் முதல் தடவைக்கே. இதில் எனக்குச் சந்தேகமில்லை, தம்பிகளே, தங்கைகளே: பிள்ளையின் பயத்தை நம்பத் தேவையில்லை, ஆனால் அதற்கு இடம் விட வேண்டும். அந்த மட்டில் நான் செய்தது சரி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இன்று உங்கள் முன்னால் வந்திருக்க மாட்டேன். போன மாதம் தர்ஷினி என் வீட்டுக்கு வந்தாள். தாதிமைப் பயிற்சி முடிக்கப்போகிறாள். வேணி கோலா கெத்திலில் ஒரு தையல் கடையில் இருக்கிறாள். இருபத்திரண்டு வயது, இன்னும் ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. கல்யாணத்துக்கு ஒரு பையன் காத்திருக்கிறான், பதிவு செய்ய முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இந்த மண்ணில் வளர்ந்து படித்தவள் என்பதற்கு ஏதாவது ஒரு சாட்சி வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அந்தத் தமிழ்ப்பள்ளி இடம் மாறிவிட்டது. பழைய ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டது. உட்கார வைத்த தலைமையாசிரியர் காலமாகிவிட்டார்.

"நீங்கதான் டீச்சர் மிச்சம்," என்றாள் தர்ஷினி. "என் பேரு கெட்டாலும் பரவால்ல. எழுதிக் குடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேணி ஒரு வகுப்பில் உட்கார்ந்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஏடு இருக்கிறது, அது என் பதிவேடு. அதில் ஒவ்வொரு நாளும் வேறொருத்தியின் பெயருக்கு நேராக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் இருப்புக்கு இருந்த ஒரே சாட்சியை என் சுத்தமான கையெழுத்தே அழித்துவிட்டது. என் ஓய்வூதியம் என்ன ஆகும், தர்ஷினியின் படிப்புக்கு என்ன வரும் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன். 'பதிவேட்டில் தர்ஷினி என்று நான் குறித்த முதல் இருபத்துநான்கு நாளும் என் வகுப்பில் அமர்ந்து படித்தவர் வேணி. பின்னர் இதை அறிந்தும் நான் மறைத்தேன்.' அதை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன்.

வேணி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படித்தாள். உதட்டால் படித்தாள், இரண்டு தடவை. பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

"இருபத்திநாலு இல்ல டீச்சர், இருபத்திமூணு. ஒருநாள் நான் வரல. பதினேழாவது நாளு. காச்சல்ல படுத்துக் கெடந்தேன். பெரியம்மாவும் தர்ஷினியும் ஈரத்துணி போட்டுக்கிட்டே பக்கத்துலயே இருந்தாங்க. பேரு போயிருச்சேன்னு எல்லாரும் அழுதோம். மறுநாள் வந்தா, நீங்க ஒண்ணுமே கேக்கல."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பதிவேட்டின் நகலில் பதினேழாம் நாள், தர்ஷினி, 'வருகை' என்று இருந்தது. அது போகட்டும், கைப்பழக்கத்தில் போட்டிருப்பேன். ஆனால் தினமும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி எழுதும் என் சொந்தக் குறிப்பேட்டையும் எடுத்தேன். அந்த நாளுக்கு என் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தர்ஷினி இன்று கூப்பிட்டவுடன் பதில் சொன்னாள்.'

அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி நாற்காலியைப் பார்த்து நான் அப்படி எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதை நினைத்தால் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் தானே, இருபத்துநான்கு என்றே இருக்கட்டும், கூடுதலாக ஒரு நாள் இருந்தால் உனக்கு நல்லதுதானே என்று வேணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"வேணாம் டீச்சர்," என்றாள். "நான் வந்த நாள மட்டும் எழுதுங்க. எனக்கு அது போதும்."

இருபத்துமூன்று என்று திருத்தி எழுதிவிட்டேன். நாளைக் காலை சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போடப் போகிறேன். பதினேழாம் நாளைத் தனி வரியாக அடியில் சேர்த்திருக்கிறேன்: 'அன்று அந்த நாற்காலியில் யார் இருந்தார் என்று நான் பார்க்கவில்லை.'